இன்னொரு துண்டு ரொட்டி: சத்திய சோதனையில் ஒரு லண்டன் வீடு

"வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்த அனுபவம்" என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். என்ன வரும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். கட்டுரை விமான நிலையத்தில் தொடங்கும். பனி கொட்டும். வீட்டுக்கார அம்மா வாசலிலேயே கட்டி அணைத்துக்கொள்வார். பெற்ற தாயைப் போலப் பார்த்துக்கொள்வார். நான்கு சுற்றுலாத் தலங்கள் வரிசையாக வந்து போகும். கடைசிப் பத்தியில் எல்லாரும் அழுவார்கள். மொழி சுத்தமாக இருக்கும், பழமொழி இருக்கும், புள்ளியும் கிடைக்கும். ஆனால் அந்த வீட்டில் இந்தப் பிள்ளை என்ன சாப்பிட்டது, வயிறு நிறைந்ததா, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்க வாய் வந்ததா என்று ஒரு வரிகூட இருக்காது.

அந்த வரி இருக்கிற நூல் ஒன்று நம் பள்ளி நூலகத்திலேயே தூசி படிந்து கிடக்கிறது. காந்தியின் 'சத்திய சோதனை'. நாம் அதை நன்னெறிக் கல்விக்கு மட்டும் எடுப்போம். வாய்மை, உறுதி, எளிமை என்று மூன்று பண்புகளைப் பிழிந்துவிட்டு மூடிவைப்போம். இந்த முறை முதல் பாகத்தில் உள்ள லண்டன் அத்தியாயங்களை மட்டும் எடுத்து, மகாத்மாவை மறந்துவிட்டு, அந்நியர் வீட்டில் தங்கிப் படித்த ஒரு மாணவனின் எழுத்தாக வாசித்துப் பார்ப்போம். எதை நன்றாகச் செய்திருக்கிறார், எதை விட்டுவிட்டார் என்று இரண்டையும் கேட்போம். திறனாய்வு என்பது பாராட்டுரை இல்லையே.

கதை உங்களுக்கு ஓரளவு தெரியும். 1888 செப்டம்பர் கடைசியில் சவுத்தாம்ப்டனில் இறங்குகிறார். இன்னும் சில நாளில் 19 வயது நிறையும். வீட்டில் மனைவி, கைக்குழந்தை. மது, மாமிசம், பெண் மூன்றையும் தொடுவதில்லை என்று தாயிடம் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இறங்கும் அன்றைக்குப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு வெள்ளைக் கம்பளி உடையைக் கப்பலில் பத்திரமாக வைத்திருந்து போட்டுக்கொண்டு வந்தால், அந்தக் குளிரில் துறைமுகத்தில் வெள்ளை உடையில் நிற்பவர் இவர் ஒருவர்தான்! மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டி சாவி எல்லாம் ஏஜண்டு கையில். முதலில் விக்டோரியா ஹோட்டல், பிறகு வாடகை அறை. இரவானால் அம்மா நினைவு, அழுகை.

அங்கே வருகிறார் டாக்டர் பி. ஜே. மேத்தா. பார்க்க வந்தவரின் உயரத் தொப்பியை இவர் சும்மா எடுத்துத் தடவ, அதன் மென்மயிர் கலைந்துபோகிறது. அன்றைக்கே பாடம் தொடங்குகிறது: பிறர் பொருளைத் தொடாதே, முதல் சந்திப்பிலேயே கேள்வி மேல் கேள்வி கேட்காதே, உரக்கப் பேசாதே, பேச்சுக்குப் பேச்சு 'சார்' போடாதே. இன்று மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் போகும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கையேட்டில் இதெல்லாம் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன். மேத்தா இன்னொன்றும் சொல்கிறார். இங்கிலாந்துக்கு வருவது படிப்புக்காக என்பதைவிட ஆங்கிலேயரின் வாழ்க்கையையும் பழக்கத்தையும் அறிந்துகொள்ளத்தான். அதற்கு ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும் என்கிறார். இந்தச் சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதலில் பழகிக்கொள்ளட்டும் என்று ரிச்மண்டில் இருந்த ஒரு நண்பர் வீட்டில் கொஞ்ச காலம். அதன்பின் வெஸ்ட் கென்சிங்டனில் ஓர் 'ஆங்கிலோ-இந்தியர்' வீடு. மாணவர்கள் இங்கே தடுக்கி விழுவதுண்டு. இன்று நாம் அச்சொல்லைக் கலப்பினத்தவருக்குச் சொல்கிறோம். அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கிலேயரைத்தான் குறித்தது. வீட்டுக்கார அம்மா ஒரு விதவை. இரண்டு பெண் பிள்ளைகள். காந்தி தம் விரதத்தைச் சொல்லிவிட்டே உள்ளே போகிறார். பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் அந்த அம்மா.

இனி ரொட்டிக்கு வருவோம்.

ரிச்மண்டில் காலையில் ஓட்ஸ் கஞ்சி. அதுவாவது வயிற்றை நிரப்பியது. மதியமும் இரவும் கீரை, ரொட்டி, ஜாம். தாம் நன்றாகச் சாப்பிடக்கூடியவர் என்பதைக் காந்தி மறைக்கவில்லை. இரண்டு மூன்று துண்டுக்கு மேல் கேட்பது முறையாகாது என்று வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிடுகிறார். வெஸ்ட் கென்சிங்டனிலும் அதே கதை. உப்புச் சப்பில்லாத சாப்பாடு. ஊரிலிருந்து வரவேண்டிய பலகாரம் இன்னும் வந்து சேரவில்லை. அந்தப் பெண்கள் இருவரும் வற்புறுத்தி இன்னும் ஒன்றிரண்டு துண்டு வைப்பார்களாம். ஆனால் ஒரு முழு ரொட்டி இருந்தால்தான் இவர் வயிறு நிறையும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இந்த இடத்தை நிதானமாக வாசியுங்கள். "பசி என்னை வாட்டி வதைத்தது" என்று நம் மாணவர் எழுதுவார். காந்தி எண்ணிச் சொல்கிறார். இரண்டு மூன்று துண்டு கிடைக்கிறது, ஒன்றிரண்டு கூடுகிறது, தேவை ஒரு முழு ரொட்டி. பசி எவ்வளவு என்று கணக்குப் போட்டு நாமே பார்த்துக்கொள்ளலாம். அதோடு, அந்தக் கணக்குக்குள் இரண்டு மனங்கள் இருக்கின்றன. கொடுக்க நினைக்கிறவர்களுக்கு எவ்வளவு கொடுப்பது என்று தெரியவில்லை. தேவைப்படுகிறவருக்குக் கேட்க வாய் வரவில்லை. யார் மேலும் தப்பில்லை, ஆனாலும் ஒருவர் பட்டினி. பிறர் வீட்டில் தங்கிப் படித்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நீங்கள் அத்தை வீட்டில் தங்கி எஸ்பிஎம் எழுதியவராக இருந்தால் போதும், உங்களுக்கும் தெரியும். லண்டன் போக வேண்டியதில்லை.

தேர்வு விடைகளில் இந்தப் பகுதி படும் பாடு தனி. "பட்டினி கிடந்தாலும் விரதத்தைக் கைவிடவில்லை, இதன்வழி அவரது உறுதிப்பாடு புலப்படுகிறது" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். தவறு என்று சொல்ல மாட்டேன். பாதிதான். விரதம் மாமிசத்தைத்தானே தடுத்தது? ரொட்டியைத் தடுக்கவில்லையே. ரொட்டி கேட்கவிடாமல் தடுத்தது கூச்சம். அவர் பசித்திருந்ததற்கு ஒரு பாதிக் காரணம் உறுதி, மறு பாதி வெட்கம். நூல் இரண்டையும் பிரித்தே காட்டுகிறது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து 'உறுதி' என்று பெயர் வைத்தால், காந்தி ஒப்புக்கொண்ட ஒரு பலவீனத்தை நாம் அழித்துவிடுகிறோம். அவருக்கு நாம் செய்கிற மரியாதை அதுவா?

இனி அந்த வீட்டுக்கார அம்மாவின் பக்கம் திரும்புவோம். எனக்கு இந்த அத்தியாயங்களோடு இருக்கும் பிணக்கு இங்கேதான்.

அவருக்குப் பெயர் இல்லை. பெண்களுக்கும் பெயர் இல்லை. வீடு எப்படி இருந்தது, இவருக்கு எந்த அறை, மாலையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எதுவும் இல்லை. ஆங்கிலேயர் வாழ்க்கையை அறிந்துகொள்ளக் குடும்பத்தோடு தங்கு என்றாரே மேத்தா, அப்படித் தங்கியவர் அந்தக் குடும்பத்தைப் பற்றி என்ன அறிந்துகொண்டார்? சாப்பாட்டு மேசையைத் தாண்டி நமக்கு எதுவும் தெரிய வருவதில்லை. இன்னொரு துண்டு வைத்த கைகளைப் பார்க்கிறோம், அவ்வளவுதான். முகம் இல்லை.

ஆனால் நூலில் உள்ள கொஞ்சத்தை வைத்தே அந்த அம்மாவைக் கொஞ்சம் மீட்டெடுக்கலாம். சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று தினமும் கேட்கிறார். ஒரு நாள் மரியாதைக்குக் கேட்கலாம். தினமும் கேட்கிறவர் உண்மையிலேயே கவலைப்படுகிறவர். அவருடைய சமையலில் மாமிசம் இல்லாத சாப்பாடு என்றால் அவித்த காய்கறியும் ரொட்டியும்தான் இருந்திருக்கும். தாளிப்பு, மிளகாய், பருப்பு எல்லாம் அவருக்கு எங்கே தெரியும்? இதைக் காந்தியும் உணர்ந்திருக்கிறார். அவர் பாவம் என்ன செய்வார் என்கிற தொனி அங்கே இருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்றைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. படிப்பு இன்னும் ஒழுங்காகத் தொடங்காத நேரம். செய்தித்தாள் படிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. மிச்ச நேரம் நடை. தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் சுற்றுகிறார், சைவ உணவகம் ஒன்றைத் தேடி. அப்படி ஒரு நாள் ஃபாரிங்டன் தெருவில் கண்ணில் படுகிறது. வாசலருகே கண்ணாடிக்குப் பின்னால் விற்பனைக்கு நூல்கள். சைவ உணவுக்காக வாதாடி ஹென்றி சால்ட் எழுதிய நூலை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்காருகிறார். இங்கிலாந்து வந்து முதன்முறையாக வயிறார உண்டது அன்றைக்குத்தான். தாயிடம் செய்த சத்தியத்துக்காக மட்டும் சைவமாக இருந்தவர், அந்த நூலைப் படித்தபின் தம் விருப்பத்தாலேயே சைவர் ஆகிறார். அவருடைய வாழ்க்கையில் பெரிய திருப்பம். அந்த இடத்தில் அவர் கடவுளுக்கு நன்றி சொல்கிறார்.

சரி. லண்டனில் சைவ உணவகம் என்று ஒன்று இருக்கிறது என அவருக்குச் சொன்னது யார்? அதே வீட்டுக்கார அம்மா! நகரில் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு என்று அவர் சொன்னதால்தான் இவர் தேடவே கிளம்புகிறார். இதைக் காந்தியே ஒரு சிறு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். தம் மேசையில் இந்தப் பிள்ளைக்கு வயிறு நிறையவில்லை என்று தெரிந்து, வேறு மேசைக்கு வழி காட்டியிருக்கிறார் அந்த அம்மா. நன்றி மட்டும் மேலே போய்விட்டது.

இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அவர் தம் செயல்களுக்குப் பின்னால் கடவுளைக் காண்கிறவர். அவர் பார்வை அது. ஆனால் வாசகர் நாம், அந்தச் சிறு வாக்கியத்தைத் தவறவிடக் கூடாது. உண்மையை மறைக்காமல் வைத்துவிட்டார், பெரிதாக்கவில்லை. இப்படி ஆசிரியர் சொல்லியும் அழுத்தாமல் விட்ட இடத்தைப் பிடிப்பதுதான் கருத்துணர்தலில் உயர் புள்ளி பெறுகிற திறன் என்று நான் வகுப்பில் சொல்வேன்.

"அவர் சத்திய சோதனைதானே எழுதினார், பயணக் கட்டுரையா எழுதினார்? வீட்டை வருணிக்க வேண்டிய அவசியம் என்ன?" என்று ஓர் ஆசிரிய நண்பர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 'நவஜீவன்' இதழில் 1925 முதல் வாரா வாரம் குஜராத்தியில் எழுதியது இது. நடந்தது 1888-இல். ஏறத்தாழ 37 ஆண்டு இடைவெளியில் சுவரின் நிறமும் திரைச்சீலையும் மறந்துபோவது இயல்பு. மேலும் அவர் தேடியது உணவு, சிக்கனம், வாய்மை பற்றிய சோதனைகளை. அதற்கு உதவாதவை உதிர்ந்துவிட்டன. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாருங்க, உதிராமல் நின்றது எது? தட்டில் விழுந்த ரொட்டித் துண்டின் எண்ணிக்கை. அது எந்தப் பெரிய சோதனையிலும் சேராது. அவ்வளவு காலம் கழித்தும் நினைவில் இருந்ததென்றால் அந்த நாள்கள் அவர் உடம்பில் பதிந்திருக்கின்றன. அதனால்தான் அந்தப் பகுதி இன்னும் உயிரோடு இருக்கிறது.

காசு விஷயத்தையும் அவர் மூடி மறைப்பதில்லை. 'விருந்தோம்பும் குடும்பம்' என்று நாம் மொழிபெயர்க்கிறோமே, அதில் எனக்கு எப்போதும் ஓர் உறுத்தல். காந்தி விருந்தாளி இல்லை. வாரா வாரம் பணம் கட்டித் தங்கியவர். கணக்கை அவரே விளக்குகிறார். வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தாலும் வாரக் கட்டணத்தில் ஒரு காசு குறையாது. அவ்வப்போது வீட்டாரை வெளியே விருந்துக்கு அழைத்துப் போக வேண்டும், அவர்களோடு விருந்துகளுக்கும் போக வேண்டும். வண்டிச் செலவு வேறு. கூட வருவது பெண் என்றால் எல்லாச் செலவும் ஆணின் தலையில். பஸ் கட்டணம் முதல் தபால்தலை வரை எழுதி, படுக்கப் போகுமுன் மீதியைச் சரிபார்க்கிறவருக்கு இது கட்டுப்படியாகவில்லை. தனி அறை எடுத்துக்கொள்கிறார். வேலை நடக்கும் இடத்துக்கு அரை மணி நேரத்தில் நடந்து போய்விடக்கூடிய தூரத்தில். செலவு பாதியாகிறது. பின்னால் இன்னும் சுருக்கி, ஓர் அடுப்பு வைத்துக் கஞ்சியும் கோகோவும் தாமே காய்ச்சி, ஒரு நாளுக்கு 1 ஷில்லிங் 3 பென்சில் வாழ்கிறார். இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்று நினைவில் வைத்தால் அது எவ்வளவு சிறிய தொகை என்று புரியும். இதே ஆள்தான் கொஞ்ச நாள் முன்பு பாண்டு தெருவில் 10 பவுண்டுக்கு மாலை உடை தைத்துக்கொண்டவர். அந்த வேடிக்கையை மாணவர்கள் தாங்களே வாசித்துச் சிரிக்கட்டும்.

அந்தக் குடும்ப வாழ்க்கையை விட்டு எப்படிப் புறப்பட்டார்? சொல்லவில்லை. வீட்டுக்கார அம்மா என்ன சொன்னார், பெண்கள் வாசலுக்கு வந்தார்களா, ஒன்றுமே இல்லை. நம் மாணவர் கட்டுரைகளில் பிரியாவிடை மட்டும்தான் இருக்கும். இவரிடம் அது மட்டும் இல்லை. கண்ணீரைத் தவிர்த்ததற்கு ஒரு பக்கம் பாராட்டத் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், கணக்கு முடிந்ததும் ஆட்களும் முடிந்துவிட்டார்களோ என்று சங்கடமாகவும் இருக்கிறது.

முகம் தெரிகிற ஒரு பெண் வேறோர் இடத்தில் வருகிறாள். வெண்ட்னர் என்ற கடலோர ஊர். தங்கியிருந்த வீட்டுக்காரியின் மகள், 25 வயது, விருந்தினரை உலாவ அழைத்துப் போவது அங்கே வழக்கம். குன்று ஏறுகிறார்கள். அவள் ஓயாமல் பேசுகிறாள். இவர் முணுமுணுப்பாக ஆமாம், இல்லை. நடப்பதில் இவரும் சளைத்தவர் இல்லை, ஆனால் அவள் இழுத்துக்கொண்டு போகிறாள். இறங்கும்போது குதியுயர்ந்த காலணியோடு அவள் விர்ரென்று கீழே போய்விட, நம்மவர் தவழ்ந்து தவழ்ந்து வந்து சேருகிறார். அவள் கை கொட்டாத குறையாகச் சிரிக்கிறாள். லண்டன் அத்தியாயங்களில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இதுதான். தம்மைக் கேலிக்குரியவராக வைத்துக்கொண்ட உடனே எதிரில் இருப்பவள் எவ்வளவு துலக்கமாகத் தெரிகிறாள், கவனித்தீர்களா? குரல், வேகம், சிரிப்பு எல்லாம் வந்துவிடுகிறது. வெஸ்ட் கென்சிங்டன் வீட்டில் நமக்குக் கிடைக்காதது இது. அங்கே அவர் பார்வை முழுக்கத் தம் வயிற்றின்மேல். இங்கே அவள்மேல்.

இந்தக் காட்சி வரும் அத்தியாயத்தின் மையமே ஒரு பொய். அக்காலத்தில் இந்திய மாணவர்கள் பலர் மணமானதை மறைத்து, மணமாகாதவர் என்றே சொல்லிக்கொண்டார்களாம். தெரிந்தால் தங்கும் வீட்டு இளம்பெண்களோடு பழக முடியாதே. இவரும் அப்படியே, மகன் ஒருவன் இருந்தும். பிரைட்டனில் ஒரு ஹோட்டலில் பிரெஞ்சு மொழி உணவுப் பட்டியல் புரியாமல் விழித்தபோது உதவிய ஒரு மூதாட்டி, லண்டனில் ஞாயிறுதோறும் இவரை வீட்டுக்குச் சாப்பிட அழைக்கிறார். தம்மோடு இருக்கும் ஓர் இளம்பெண்ணோடு பேசவும் பழகவும் விடுகிறார். அந்த அம்மாவின் எண்ணம் போகிற போக்கு இவருக்குப் புரிகிறது. உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார்: எனக்குச் சிறுவயதிலேயே திருமணம் ஆகிவிட்டது, மகனும் உண்டு, மறைத்தது தவறு. பதில் வருகிறது. உண்மையைச் சொன்னதில் மகிழ்ச்சி, இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம், அடுத்த ஞாயிறு வந்து அந்தக் குழந்தைத் திருமணக் கதையைச் சொல் என்கிற பாணியில். காந்தி அதை நினைவிலிருந்தே தருகிறார் என்றாலும், சோறு போட்டவரின் குரல் ஒரு முழுக் கடிதமாக நம் காதில் விழுகிற இடம் இது ஒன்றுதான். எவ்வளவு பெருந்தன்மையான குரல்!

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். நான்காம் படிவ வகுப்பில் செய்து பார்த்தேன். வெஸ்ட் கென்சிங்டன் சாப்பாட்டு மேசைக் காட்சியை வாசித்துவிட்டு, அந்த வீட்டுப் பெண்களில் ஒருத்தியின் நாட்குறிப்பாக ஒரு பக்கம் எழுதுங்கள் என்றேன். பலர் "அந்த இந்திய இளைஞர் பிற்காலத்தில் மாபெரும் தலைவராவார்" என்று எழுதிவிட்டார்கள். அவளுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு மாணவி மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: அவர் போதும் என்றுதான் சொல்கிறார், ஆனால் தட்டில் ஒரு துணுக்குகூட மிச்சம் இருப்பதில்லை, எத்தனை வேண்டும் என்று கேட்டால் சங்கடப்படுவார், அதனால் நாளையிலிருந்து துண்டுகளைக் கொஞ்சம் தடிமனாக அறுக்கப் போகிறேன்.

நூலில் இது இல்லை. அதனால் ஓரத்தில் 'கற்பனை' என்று ஒரு சொல் போடச் சொன்னேன். போட்டுவிட்டு, "தடிமனா அறுத்திருந்தா அவருக்குத் தெரிஞ்சிருக்குமா, டீச்சர்?" என்று கேட்டாள்.